சர்ஃப் என்றால் அடிமையா, லார்ட் என்றால் ஜமீன்தாரா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: போட்டித் தேர்வுக்காக நடுக்கால ஐரோப்பாவைத் தமிழில் படிக்கிறீர்கள். நிலமானிய முறை, பண்ணையடிமை, பேராயர், மதவிலக்கு, பாவமன்னிப்புச் சீட்டு என்று சொற்கள் குவிகின்றன. சர்ஃப் (பண்ணையடிமை) என்றால் அடிமைதானே, லார்ட் (பிரபு) என்றால் நம் ஜமீன்தார்தானே, எல்லாவற்றுக்கும் ஒரு வரியில் பொருள் எழுதிப் பட்டியல் போட்டுத் தர முடியுமா? பட்டியல் போடுவது எளிது. ஆனால் இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. பாடப்புத்தகம் கொடுக்கும் இந்தத் தமிழ்ச் சொற்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? தமிழ்வழி வகுப்பில் 22 ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியவன், அவ்வப்போது மொழிபெயர்ப்பும் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாதி தூரம் நம்பலாம். மீதி தூரத்துக்கு ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல் வந்தாலும், இதில் யார் யாருக்கு என்ன கடன்பட்டவர் என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. என் படிப்பு இங்கிலாந்தையும் வட பிரான்சையும் சுற்றியது. ஸ்பெயின், போலந்து, பைசாந்தியம் எல்லாம் வேறு கதை. நான் கீழே சொல்வதை அங்கே அப்படியே கொண்டுபோய் ஒட்டிவிடாதீர்கள்.

நிலமானியத்திலிருந்தே தொடங்கலாம். முதலாண்டு மாணவன் ஒருவன் தேர்வுத்தாளில், ‘அரசர் பிரபுக்களுக்கு நிலம் வாங்க மானியம் கொடுத்தார்’ என்று எழுதியிருந்தான். சிரிப்பு வந்தாலும் அவனைக் குறை சொல்ல முடியவில்லை. உர மானியம், கேஸ் மானியம் என்று காதில் விழுந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சொல் வேறு எதைச் சொல்லும்? பழைய மானியம் வேறு. கோயிலுக்கோ, வேதம் ஓதுகிறவருக்கோ, ஊர் வேலை செய்கிறவருக்கோ வரி நீக்கிவிட்ட நிலம் அது. ஊர் வேலைக்கு ஈடாகக் கொடுத்த ஊழிய மானியம் என்பது மட்டும் ஐரோப்பாவின் ‘ஃபீஃப்’ என்ற சொல்லுக்குக் கொஞ்சம் கிட்டே வரும். இரண்டிலும் நிலத்துக்குப் பின்னால் ஒரு வேலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் அந்த வேலையில்தான். ஃபீஃப் வாங்கியவன் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் போர். குதிரையும் கவசமும் ஆயுதமும் தன் செலவில். கூப்பிட்டால் வர வேண்டும், ஆலோசனைக்கு அழைத்தாலும் வந்து அவையில் உட்கார வேண்டும்.

இது எப்படி நடந்தது என்பதைக் கிட்டத்தில் பார்க்க ஒரு காட்சி இருக்கிறது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரம், 1127ஆம் ஆண்டு. ஃபிளாண்டர்ஸ் நாட்டின் கோமான் சார்லஸை மார்ச் 2ஆம் தேதி, கோயிலில் செபித்துக்கொண்டிருந்த இடத்திலேயே வெட்டிக் கொன்றுவிட்டார்கள். சில வாரங்களில் வில்லியம் கிளிட்டோ புதிய கோமானாகிறார். பழைய கோமானிடம் நிலம் வைத்திருந்தவர்கள் புதியவரிடம் வந்து மறுபடி ‘ஆள்’ ஆக வேண்டும். கல்பெர்ட் என்ற எழுத்தர் அதை நாட்குறிப்பு மாதிரி எழுதி வைத்தார். முழுமையாக என் ஆளாக விரும்புகிறாயா என்று கோமான் கேட்கிறார். விரும்புகிறேன் என்கிறான் வந்தவன். அவன் கூப்பிய கைகளைக் கோமான் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொள்கிறார், முத்தமிட்டுக்கொள்கிறார்கள். பிறகு புனிதர்களின் எலும்புகள் மேல் சத்தியம். எல்லாம் முடிந்ததும் கோமான் தன் கையிலிருந்த கோலால் நிலத்தை வழங்குகிறார். இந்தச் சடங்கின் முதல் பாதிக்குப் பெயர் ‘ஹோமேஜ்’. ‘ஹோமோ’ என்றால் லத்தீனில் மனிதன், ஆள். நம் ஊரில் இன்றும் ‘அவர் யாரோட ஆள்?’ என்று கேட்கிறோமே, அதே ஆள். ‘விசுவாசப் பிரமாணம்’ என்று பாடப்புத்தகம் எழுதுவது சத்தியத்துக்குப் பொருந்தும், கைகளை ஒப்புக்கொடுப்பதற்குப் பொருந்தாது. கிறிஸ்தவர்கள் கைகூப்பிச் செபிக்கும் வழக்கமே இந்தச் சடங்கிலிருந்துதான் போனது என்று பல ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. நல்ல ஊகம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள், தேர்வில் எழுத வேண்டாம்.

அப்படி ஆளானவன் பெயர் ‘வாசல்’. பையன், வேலைக்காரன் என்று பொருள்படும் ஒரு கெல்டிக் சொல்லிலிருந்து வந்தது. ‘நைட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் பழைய காலத்தில் பையன்தான். எடுபிடிப் பையன் என்ற சொல் இரண்டு மூன்று நூற்றாண்டில் கவசம் பூட்டிய குதிரைவீரனாக உயர்ந்துவிட்டது. மறுபக்கம் ‘லார்ட்’ என்ற சொல்லைப் பிரித்தால் ரொட்டிக் காவலர் என்று வரும், ‘லேடி’ ரொட்டி மாவு பிசைபவர். சோறு போடுகிறவர் ஒருவர், அதைத் தின்று கடன்பட்டவர் ஒருவர். செஞ்சோற்றுக்கடன் என்று தமிழில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வகுப்பில் ஃபீஃப், வாசல் என்று அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசியும் ஏறாதது, ‘கர்ணன் துரியோதனனுக்குப் பட்ட கடன்’ என்றதும் ஏறிவிடும். ஆனால் கர்ணனோடு ஒப்பிடுவதில் ஒரு கோளாறு உண்டு. கர்ணன் கடன் ஒருவழி. புரூஜில் கைகொடுத்தவன் கடன் இருவழி. கோமான் தன் சொல்லைக் காப்பாற்றாவிட்டால் ஆளுக்கும் விடுதலை உண்டு. வில்லியம் கிளிட்டோ கொடுத்த வாக்குகளை மீறியதாகச் சொல்லி, அடுத்த ஆண்டே ஃபிளாண்டர்ஸ் நகரங்கள் அவரை உதறிவிட்டு வேறொரு கோமானைக் கொண்டுவந்தன. 1128 ஜூலையில் ஒரு முற்றுகையில் அவர் காயம்பட்டு இறந்தார்.

இதனால்தான் ‘வாசல்’ என்பதற்குக் குறுநில மன்னர், கப்பம் கட்டும் சிற்றரசர் என்று எழுதினால் எனக்கு உறுத்தும். ஒருவரே ஒரு நிலத்துக்கு எஜமான், இன்னொரு நிலத்துக்கு ஆள். இங்கிலாந்து மன்னர் இங்கிலாந்தில் யாருக்கும் ஆளில்லை, ஆனால் வட பிரான்சிலுள்ள நார்மண்டிக்கு அவர் பிரான்சு மன்னரின் ஆள். மன்னர் ஜான் 1202இல் பிரான்சு மன்னரின் அவைக்கு அழைக்கப்பட்டார், வரவில்லை, நிலங்களைப் பறிகொடுப்பதாகத் தீர்ப்பானது. தீர்ப்பை நிறைவேற்றப் போர் நடந்து 1204இல் நார்மண்டி கைவிட்டுப் போயிற்று. ஒரு மன்னர் இன்னொரு மன்னரின் நாட்டைப் பிடித்தார் என்று மட்டும் படித்தால் இதன் சட்டப் பக்கம் புரியாது. ஆள் தன் கடமையில் தவறினான், கொடுத்தவர் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் வழக்கு. (ஜானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.)

சந்தேகத்துக்குரிய இடம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிலமானிய ‘முறை’ என்று ஒரு முறையே இருந்ததா? ‘ஃபியூடலிசம்’ என்ற சொல் நடுக்காலத்தவர் வாயில் வந்ததே இல்லை. பின்னால் வந்த சட்ட அறிஞர்களும் வரலாற்றாசிரியர்களும் வைத்த பெயர் அது. 1974இல் எலிசபெத் பிரவுன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், இந்தச் சொல் தெளிவைவிடக் குழப்பத்தையே தருகிறது, விட்டுவிடுவோம் என்று எழுதினார். 1994இல் சூசன் ரேனால்ட்ஸ் இன்னும் ஒரு படி போய், ஃபீஃபும் வாசலும் சேர்ந்த ஒழுங்கான அமைப்பு என்பதே பிற்கால வழக்கறிஞர்கள் கட்டியது என்று வாதிட்டார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் நடுவில் நிற்கிறேன். கைகளைப் பொத்தும் சடங்கும் நிலம் கொடுப்பதும் நடந்தது உறுதி. மன்னர் உச்சியில், அடுத்து கோமான்கள், அடுத்து வீரர்கள், அடியில் விவசாயிகள் என்று பாடப்புத்தகத்தில் வருகிற அந்தக் கூம்புப் படம் மட்டும் உறுதியில்லை. நிலப்பிரபுத்துவம் என்று இடதுசாரி எழுத்தில் வருவது இன்னும் அகலமான சொல். அங்கே பேச்சு கோமானுக்கும் வீரனுக்கும் இடையே உள்ள உறவைப் பற்றியதல்ல, உழுகிறவனிடமிருந்து விளைச்சலை எடுக்கும் ஏற்பாட்டைப் பற்றியது. இரண்டையும் ஒரே பொருளாகப் போட்டுக் குழப்பும் வினாத்தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

உழுகிறவனுக்கு வருவோம். சர்ஃப் அடிமைதானே என்று கேட்டீர்கள். சொல்லின் வேர் அதுதான். ‘செர்வுஸ்’ என்றால் ரோமானியர் காலத்தில் அடிமை. ஆனால் சொல் அப்படியே இருக்க ஆளின் நிலை மாறிவிட்டது. நடுக்கால இங்கிலாந்திலேயே உண்மையான அடிமைகள் தனியாக இருந்தார்கள். 1086இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் பதிவானவர்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேர் அடிமைகள். அடுத்த நூறு ஆண்டுக்குள் அந்த வகை மறைந்தே போயிற்று. சர்ஃப் அவர்களிலிருந்து வேறு. அவனுக்குக் குடிசை உண்டு, கீற்றுக் கீற்றாக வயலும் உண்டு, குடும்பம் உண்டு, சட்டியும் மாடும் உண்டு. அவன் நிலத்தைவிட்டுப் போக முடியாது, நிலமும் சாதாரணமாக அவனைவிட்டுப் போகாது. ‘சாதாரணமாக’ என்று அழுத்திச் சொல்கிறேன். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆளை மட்டும் தனியாக விற்ற பத்திரங்களும் கிடைத்திருக்கின்றன.

அவன் பட்ட கடன்களை எண்ணிப் பாருங்கள். வாரத்தில் சில நாள் பிரபுவின் பண்ணையில் கூலியில்லா உழைப்பு, அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். மகனைக் குருவாக்கக்கூட அனுமதி வேண்டும். 1164இல் இங்கிலாந்தில் எழுதிய கிளாரண்டன் சட்டங்களில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. அவன் செத்தால் தொழுவத்தில் இருக்கும் மாடுகளில் முதல் தரமானது பிரபுவுக்கு. இரண்டாவது தரமானது, பல ஊர்களில், பங்குச் சாமியாருக்கு, அதாவது ஊர்க் கோயிலின் குருவுக்கு. வீட்டில் எழவு விழுந்த அன்றைக்கே தொழுவத்தைப் பார்க்க இரண்டு பேர் வருகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள், நடுக்காலச் சமூகமும் திருச்சபையும் என்ற பாடத் தலைப்பு அந்தத் தொழுவ வாசலிலேயே முடிந்துவிடும்.

மாவு அரைப்பதும் அப்படியே. பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்த மாவில் ஒரு பங்கு ஆலைக்கு. வீட்டில் திருகைக் கல் வைத்துக்கொள்வது குற்றம். இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊருக்குப் பிரபு ஒரு துறவு மடம். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரிச்சர்ட் என்ற மடாதிபதி (வானியல் கடிகாரம் அமைத்த பெரிய கணிதர், அது வேறு) ஊரார் வீடுகளிலிருந்து திருகைக் கற்களைப் பறித்துவந்து, மடத்தின் வரவேற்பறைத் தரையில் பதித்துவிட்டார். 1381இல் விவசாயிகள் கிளர்ந்தபோது ஊரார் மடத்துக்குள் புகுந்து, அந்தத் தரையைப் பெயர்த்து, கற்களை உடைத்து ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மந்திரித்த ரொட்டி கொடுப்பது போலக் கொடுத்தார்கள் என்று அந்த மடத்துத் துறவி ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். சர்ஃப் அடிமையா என்ற கேள்விக்கு நான் வகுப்பில் வாசித்துக் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். அரை நூற்றாண்டுக்கு முன் தாத்தா வீட்டில் பறித்த திருகைக் கல்லை ஊர் மறக்கவில்லை. தனக்கென்று உரிமையாக எதுவோ இருந்தது என்ற நினைப்பு அவனுக்கு இருந்திருக்கிறது.

ஆகவே ‘பண்ணையடிமை’ என்ற சொல்லை ஏற்கிறேன், அதில் ‘பண்ணை’ என்ற பாதி நன்றாகவே பொருந்துகிறது. ‘அடிமை’ என்ற பாதியைக் கொஞ்சம் தளர்த்திப் படியுங்கள். நம் மனதில் இருக்கும் சர்ஃப் ரஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து வந்தவன் என்பது என் ஊகம். அங்கே பிற்காலத்தில் பண்ணையடிமைகளை ஆடுமாடு போல விற்றார்கள், 1861 வரை அந்த ஏற்பாடு இருந்தது. மேற்கில் கதை எதிர்ப்பக்கம் போயிற்று. ஓடிப்போய் ஒரு நகரத்தில் ஓராண்டும் ஒரு நாளும் யாரும் உரிமை கோராமல் இருந்துவிட்டால் விடுதலை என்று பல நகரங்கள் சாசனம் வாங்கி வைத்திருந்தன. 1155இல் பிரான்சின் ஏழாம் லூயி, லோரிஸ் என்ற சிற்றூருக்கு உறுதிசெய்து கொடுத்த சாசனத்தில் இது அப்படியே இருக்கிறது. 1348க்குப் பின் கொள்ளைநோய் ஆட்களை வாரிக்கொண்டு போனதும் உழைப்புக்கு விலை ஏறி, மேற்கில் இந்தக் கட்டு மெல்ல அவிழ்ந்தது.

ஜமீன்தார் ஒப்பீட்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்பேன். ஜமீன்தார் அடிப்படையில் அரசுக்காக வரி தண்டிக் கட்டுபவர். நடுக்காலப் பிரபு தன் கிராமத்தில் நீதிமன்றமும் நடத்தினார். வேலி தகராறு, கள்ள அளவை, விதவையின் நிலம் எல்லாம் அவர் மன்றத்தில் தீர்ந்தன, அபராதமும் அவர் பெட்டிக்குள் போயிற்று. அந்த மொத்த அதிகார வட்டத்துக்குப் பெயர்தான் ‘மேனர்’. அதற்குள் பிரபு தனக்கென்று நேரடியாகப் பயிரிட்ட நிலத்துக்குத்தான் பண்ணை என்ற சொல் சரி.

மூன்று வகுப்பார் என்று ஒரு பகுதி வருமே, செபிப்பவர், போரிடுபவர், உழைப்பவர் என்று. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாவோன் ஆயர் (பிஷப்) அடல்பெரோ எழுதிய கவிதையில் தெளிவாக வரும் பாகுபாடு அது. அதற்கும் முன்பே இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னர் பெயரில் உள்ள ஒரு மொழிபெயர்ப்பிலும் உண்டு. உடனே நால்வருணம் மாதிரி என்று எழுதத் தோன்றும். ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. செபிப்பவர் வகுப்பு பிறப்பால் வருவதில்லை. குருக்களின் திருமணம் செல்லாது என்று 1139இல் இரண்டாம் லாத்தரன் சங்கம் (ஆயர்கள் கூடிய திருச்சபைப் பேரவை) அறிவித்துவிட்டது. பிள்ளை இல்லாத வகுப்புக்கு ஒவ்வொரு தலைமுறையும் வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டும். 999இல் போப் ஆன இரண்டாம் சில்வெஸ்டர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். இன்னொன்று, இந்த மூன்று வகுப்புப் பேச்சை எழுதியவர்கள் ஆயர்கள். வணிகர், நகரத்தார், யூதர் ஆகியோருக்கு அதில் இடமே இல்லை. அது சமூகத்தின் படமென்பதைவிட, சமூகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆயர்கள் விரும்பியதன் படம்.

திருச்சபைச் சொற்களில் சிக்கல் வேறு மாதிரி, ஏனென்றால் இங்கே தமிழில் ஏற்கெனவே பல தலைமுறையாக வாழ்கிற சொற்கள் இருக்கின்றன. ‘பிஷப்’ என்பதன் கிரேக்க மூலத்துக்கு மேலே நின்று பார்ப்பவர் என்று பொருள். பழைய தமிழ் வேதாகமம் அதைக் ‘கண்காணி’ என்று மொழிபெயர்த்தது. அச்சாகப் பொருந்தும் சொல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் ஆள் கட்டி மேய்த்த கங்காணியும் அதே சொல்தான். அந்த நினைவு ஏறிவிட்டதால் இன்று யாரும் ஆயரைக் கண்காணி என்று கூப்பிடமாட்டார்கள், ஆனாலும் நடுக்கால ஆயரின் வேலையில் பாதி கங்காணி வேலைதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கத்தோலிக்கரிடம் முன்பு மேற்றிராணியார், இப்போது ஆயர். பேராயர் என்றால் கத்தோலிக்க வழக்கில் பல மறைமாவட்டங்களுக்கு மேலே இருப்பவர், தென்னிந்தியத் திருச்சபை வழக்கில் பிஷப்பே பேராயர். நீங்கள் படிக்கும் புத்தகத்தை எழுதியவர் எந்தப் பக்கத்துப் பழக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் கான்டர்பரி பேராயரும் லிங்கன் ஆயரும் ஒரே படியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

துறவிகளிலும் இரண்டு வகை. ‘மங்க்’ மடத்துக்குள் தங்கி, பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய 73 அத்தியாய ஒழுங்கு போன்ற ஒன்றுக்குக் கட்டுப்பட்டு வாழ்பவர், மடத்துக்கு நிலபுலம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸும் டோமினிக்கும் கிளப்பிய ‘ஃப்ரையர்’ கூட்டம் நகரத் தெருக்களில் பிச்சையெடுத்துப் பிரசங்கம் செய்தது. இரண்டுக்கும் ‘துறவி’ என்று மொட்டையாகப் போட்டால், நிலம் வைத்திருந்த மடத்தின் மேல் பிச்சைக்காரத் துறவி ஏன் பாய்கிறார் என்பது புரியாது. பங்குக் குரு இவர்கள் இருவரிலும் சேர்த்தியில்லை, அவர் ஊரோடு வாழ்பவர், தசமபாகத்தில் பிழைப்பவர். தசமபாகம் என்பது விளைச்சலில் பத்தில் ஒன்று. 779இல் பிராங்கு மன்னர் சார்லமேன் அதைச் சட்டமாக்கிய பிறகு அது காணிக்கையாக இல்லை, வரிதான்.

இனி மதவிலக்கு. பாடப்புத்தகங்களில் இரண்டு வெவ்வேறு தண்டனைகள் இந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ‘எக்ஸ்கம்யூனிகேஷன்’ ஆளுக்கு. நம் ஊர்விலக்கு போல, அவனோடு உண்ணாதே, பேசாதே, கோயிலில் இடம் கொடாதே. இதற்குச் சபைநீக்கம் என்ற சொல் நல்ல சொல். ‘இன்டர்டிக்ட்’ இடத்துக்கு. மன்னன் செய்த தப்புக்கு நாடு முழுக்கக் கோயில் கதவு சாத்தப்படும். இதை நான் வழிபாட்டுத் தடை என்று எழுதுவேன். நம் ஜானுக்கு இரண்டுமே கிடைத்தன. கான்டர்பரி பேராயராக ஸ்டீபன் லாங்டனை ஏற்க மறுத்ததால் போப் மூன்றாம் இன்னசென்ட் 1208 மார்ச்சில் இங்கிலாந்துக்கு வழிபாட்டுத் தடை போட்டார், அடுத்த ஆண்டு ஜானுக்குச் சபைநீக்கம். ஆறு ஆண்டு பூசை இல்லை. குழந்தைக்கு ஞானஸ்நானமும் சாகக் கிடப்பவரின் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) மட்டும் அனுமதி. பிணங்களை வழியோரத்திலும் பள்ளத்திலும் செபமில்லாமல் புதைத்தார்கள் என்று எழுதியவர் மறுபடி செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி ஒருவர். அவர் ஜான்மேல் கோபம் உள்ளவர் என்பதால் கொஞ்சம் உப்புச் சேர்த்திருப்பார். ஜானும் சும்மா இருக்கவில்லை. திருச்சபைச் சொத்துகளைக் கைப்பற்றினார், குருக்களின் ‘வீட்டுக்காரிகளை’ப் பிடித்து வைத்துக்கொண்டு மீட்புப் பணம் கேட்டார். 1139இன் சட்டம் ஏட்டில் எவ்வளவு, நடப்பில் எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கடைசியில் 1213இல் பணிந்தவர், இங்கிலாந்தையே போப்பிடம் ஒப்படைத்து ஃபீஃபாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆண்டுக்கு 1000 மார்க் பணம் கட்ட வேண்டும், இங்கிலாந்துக்கு 700, அயர்லாந்துக்கு 300. போப் ஏன் மன்னரைவிடப் பெரியவர் என்று பலரும் கேட்பார்கள். எல்லா இடத்திலும் பெரியவரில்லை. ஆனால் அந்த ஆண்டு இங்கிலாந்தில் சட்டப்படி எஜமான், ஜான் அவருடைய ஆள்.

பாவமன்னிப்புச் சீட்டு என்ற சொல்லோடுதான் எனக்கு நீண்ட நாள் சண்டை. கத்தோலிக்கப் பாட்டிமார் வாயில் அது ‘பரிபூரண பலன்’. அதில் மன்னிப்பு கிடைக்காது. மன்னிப்பு பாவசங்கீர்த்தனத்தில் முன்பே கிடைத்துவிட வேண்டும். உங்கள் மாடு அடுத்தவர் வயலை மேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் ‘போகட்டும் விடு’ என்று மன்னித்துவிட்டாலும் மேய்ந்த பயிருக்கு ஈடு பாக்கி நிற்கும். அந்த ஈட்டைத்தான் இம்மையில் தவத்தாலும், மிச்சமிருந்தால் செத்தபின் ஆன்மா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலத்திலும் தீர்க்க வேண்டும் என்பது போதனை. அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்வதே இந்தப் பலன். 1095இல் கிளேர்மோன் சங்கம் ஜெருசலேம் போருக்குப் போவதையே முழுத் தவமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 1476இல் இறந்தவர்களுக்காகவும் இதைப் பெறலாம் என்றார் போப் நான்காம் சிக்ஸ்டஸ். ஆனால் ‘சீட்டு’ என்ற பாதி மெய். 1454, 55இல் சைப்ரஸ் தீவைத் துருக்கியரிடமிருந்து காக்க நிதி திரட்டியபோது, மைன்ஸ் நகரில் அச்சடித்த பலன் படிவங்கள் இன்றும் இருக்கின்றன. பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு, மற்றதெல்லாம் அச்சில். குட்டன்பர்க்கின் வேதாகமத்தோடு அதே காலத்தில் வந்தவை. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1517இல் எதிர்த்த விற்பனையிலும் ஆளுக்குத் தக்க விலைப்பட்டியல் இருந்தது, மன்னருக்கு 25 பொன் நாணயம், ஒன்றும் இல்லாத ஏழைக்குச் செபமும் நோன்பும் போதும் என்று. போதனை ஒன்றாக இருக்க, சந்தையில் வாங்கியவர் காதில் அது மன்னிப்புச் சீட்டாகத்தான் விழுந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாடப்புத்தகம் வாங்கியவர் பக்கம் நின்று பெயர் வைத்துவிட்டது.

மீதமுள்ள சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘சைமனி’ என்பது திருச்சபைப் பதவியைக் காசுக்கு விற்பது, வாங்குவது. அப்போஸ்தலரிடம் காசு நீட்டிய மந்திரவாதி சீமோன் பெயரால் வந்தது. ‘ஹெரசி’ போதனையில் பிறழ்வது, வீரமாமுனிவர் காலத்து எழுத்தில் பேதகம் என்று வரும். ‘சிஸம்’ தலைமையில் பிரிவது. 1378 முதல் 1417 வரை இரண்டு போப், ஒரு கட்டத்தில் மூன்று போப் இருந்தபோதும் போதனையில் சண்டை இல்லை, ஆகவே அது பிளவுதான், பேதகமில்லை. ‘இன்வெஸ்டிச்சர்’ என்ற சொல்லுக்கு ‘பதவியளிப்பு’ என்று பார்த்திருப்பீர்கள். புரூஜில் கோமான் நீட்டிய கோலை நினைத்துக்கொண்டால் இது தானாக விளங்கும். ஆயருக்கு மோதிரமும் ஆயர்கோலும் கொடுப்பது யார், போப்பா மன்னரா என்பதே தகராறு. ஜெர்மன் மன்னர் நான்காம் ஹென்றி 1077 ஜனவரியில் போப்பின் மன்னிப்புக்காக இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் பனியில் காத்து நின்றது அந்தச் சண்டையின் நடுவில். 1122இல் வோர்ம்ஸ் உடன்படிக்கையில் மோதிரமும் ஆயர்கோலும் திருச்சபைக்கு, நிலபுலத்துக்கான அரசக்கோல் பேரரசருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆயர் கடவுளுக்கும் கடன்பட்டவர், நிலம் வாங்கியதால் மன்னருக்கும் கடன்பட்டவர்.

தேர்வைப் பொறுத்தவரை, வினாவில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே விடையிலும் எழுதுங்கள். திருத்துகிறவரோடு சொல்லாராய்ச்சி வேண்டாம். கொள்குறி வினாவில் ‘மதவிலக்கு’ என்று வந்தால் மட்டும் நாட்டுக்கா, ஆளுக்கா என்று ஒரு முறை கூடுதலாகப் படித்துவிட்டு வட்டத்தைக் கறுப்பாக்குங்கள்.